மணவீட்டுச் சிரிப்பும் நிழற்படக் கண்ணும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை வளர்க்கும் அவையில் கல்யாண வீட்டுப் படக்காரரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நில்லாத சிரிப்பை நிலைக்கவைக்கும் பணி அவருடையது. நம்முடைய பணியும் அதற்கு மிக நெருங்கியதே.

நம் திருமணங்களில் சடங்கோடு சடங்காக விளையாட்டும் கலந்திருக்கிறது. அந்தணர் இல்லங்களில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியும் ஏந்திக் காசிக்குப் புறப்படுவார். பெண்ணின் தந்தை வழிமறித்து அழைத்து வருவார். மாலை மாற்றுகையில் மாமன்மார் மணமக்களைத் தூக்கிக்கொண்டு, எட்டும் கழுத்தை எட்டாததாக்குவர். நலங்கில் அப்பளம் நொறுங்கும். நீர் நிறைந்த குடத்தில் மோதிரத்தைப் போட்டு மணமக்களைத் தேடச் செய்யும் வழக்கமோ பல சமூகத்தாரிடமும் உண்டு.

அந்தக் குடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கைகள் நான்கும் நீருக்குள். போட்டியும் அங்கே, விட்டுக்கொடுத்தலும் அங்கே. அகப்பட்ட மோதிரத்தை அவன் அவள் விரலிடுக்கில் நழுவவிட்டால் அதைக் காண எந்தக் கருவியாலும் இயலாது. தேர்ந்த படக்காரர் குடத்தை விட்டு முகத்தைப் பார்க்கிறார். நீருக்குள் நடந்தது அவள் இதழோரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் செய்ததும் இதுவே. பந்தல், புதுமணல், விளக்கு, வாழ்த்தும் மகளிர் என விரிந்த காட்சி, உள்ளத்து மகிழ்வை மறைக்கத் தலைகவிழும் மணமகளின் முகத்தில் வந்து நிற்கிறது. உவகை உள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது கவிழ்ந்த முகம் மட்டுமே.

இனி, எந்தச் சிரிப்பைப் படம் பிடிப்பது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கையும் ஒரே மணமேடையில் காணலாம். அப்பளத்துக்குக் கைநீட்டும் குழந்தையிடம் இளமை. அடுத்த சடங்கு யாதென அறியாமல் மணமக்கள் விழிப்பதில் பேதைமை. அத்தைமார் சொன்னதையெல்லாம் அப்படியே செய்யும் மாப்பிள்ளையிடம் மடன். மைத்துனர் கேலியில் எள்ளல்.

இவற்றுள் எள்ளலிடம் மட்டும் விழிப்பு வேண்டும். கேலி அந்த நொடிக்கு உரியது. சொன்னவரும் கேட்டவரும் பந்தியில் அமரும்போது மறந்துவிடுவர். படமோ மறப்பதில்லை. வாய்திறந்து உறங்கும் பாட்டியும், ஓடியாடி வேட்டி நெகிழ்ந்த பெண்ணின் தந்தையும் அன்று ஒருமுறை சிரிக்கப்பட்டவர்கள். ஆல்பத்தில் ஏறிவிட்டால் ஆண்டுதோறும் சிரிக்கப்படுவார்கள். ஆகவே விசையை அழுத்துமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இப்படத்தைக் காணும்போது இதில் இருப்பவரும் சேர்ந்து சிரிப்பாரா?

சுருளில் 36 படங்களே இருந்த காலத்தில், சிக்கனமே இக்கேள்வியை ஓரளவு கேட்கவைத்தது. இன்று எண்மக் கருவியில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். எடுக்கும் கையின் தயக்கம் போனபின், தேர்ந்தெடுக்கும் நெஞ்சுக்கே பொறுப்பு மிகுதி. மணமக்களைக் குதிக்கச் சொல்லியும் கறுப்புக் கண்ணாடி அணிவித்தும் சிரிப்பை வரவழைக்கிறார்கள். அவர்களே விரும்பி ஆடும் ஆட்டமானால் அதுவும் அழகே. ஏவிப் பெற்ற சிரிப்போ உதட்டோடு நின்றுவிடும். கண்கள் அடுத்த ஆணைக்குக் காத்திருக்கும்.

கவிஞர்களே, நாமும் அண்டை அயலாரின் வாழ்விலிருந்து வரிகளை எடுக்கிறோம். அவ்வரிகளில் அகப்பட்டவர் இந்த அவையில் வந்து அமர்ந்தால், நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா, தலைகுனிந்து வெளியேறுவாரா? நகைச்சுவைக் கவிதைக்கு யாப்பும் அணியும் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு இந்தக் கேள்வியும் வேண்டும்.