செயினைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்
(வெள்ளவத்தைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு பைக்கிலேயே அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறுகிறார்கள். கடற்காற்றில் நிற்கும் பைக்கின் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். தேய்ந்த செயின் கழன்று பின்சில்லில் சிக்கினால் சில்லு இறுகிவிடும். பின்னால் லொறி வரும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பின் பற்சக்கரத்தின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. இரண்டு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைக்காதீர்கள், விரல் போய்விடும்.

நம் சம்பளத்தில் இந்தச் செலவு பாரம்தான். ஆனாலும் லயத்து வாசலில் அம்மா காத்திருக்கிறார். பண்டிகைக்குப் புதுச் சட்டை பிறகு, முதலில் செயின்.