விளக்கணைத்த விஞ்ஞானி



1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் தர மறுக்க, அமெரிக்கா திகைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெர்க்லியில் இயற்பியலறிஞர் ஆர்தர் ரோசன்ஃபெல்டு, தம் தளத்தின் 20 அறைகளிலும் வீணே எரிந்த விளக்குகளை அணைக்க முற்பட்டார். அதற்கு 20 நிமிடங்கள் ஆயின! சுவிட்சுகள் அலமாரிகளுக்கும் புத்தக அடுக்குகளுக்கும் பின்னே மறைந்து கிடந்தன. அணைக்க வேண்டும் என்னும் எண்ணமே எவர்க்கும் எழவில்லை போலும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் இல்லத்தார்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

என்றிகோ ஃபெர்மியின் மாணவர் அவர். புகழ் தந்த துகள் இயற்பியலைத் துறந்து, மின்சிக்கனத்தைத் தம் தொழிலாக்கிக்கொண்டார். அரசுக்கு ஆலோசகராகவும் கலிஃபோர்னிய எரிசக்தி ஆணைய உறுப்பினராகவும் பணியாற்றினார். மிகுபொருள் விரும்பாமை என்னும் நம் சொல்லை அவர் அறிந்திருப்பாரோ, அறியோம். இருளில் அமருங்கள் என்று அவர் எவரையும் பணித்தாரல்லர். அதே குளிர்ச்சியைக் குறைந்த மின்சாரத்தில் தருக என்று பொறியாளரைக் கேட்டார். அங்கு இன்று விற்பனையாகும் குளிர்சாதனப் பெட்டி, 1970களின் பெட்டியைவிடப் பெரிது. செலவிடும் மின்சாரமோ அதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குதான்.