மாலை வாடிய மறுநாள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். போரில் கை கால் இழந்து ஊர் திரும்பும் வீரனுக்கு இவை இரண்டுமே கிடைக்கின்றன. ஊரார் விருந்து வைக்கிறார்கள். மருத்துவமனை மருந்து கொடுத்து அனுப்புகிறது. நான்காம் நாள் காலையில் அவன் தன் சொந்த வீட்டின் குளியலறைக் கதவைத் திறக்க முடியாமல் நிற்கிறான். அந்த நான்காம் நாளில் குடும்பமும் அக்கம்பக்கமும் என்ன செய்ய வேண்டும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களிலிருந்து காயத்தோடு திரும்பிய வீரர்களை அமெரிக்கச் சிற்றூர்கள் கோலாகலமாகவே வரவேற்றன. சாலையின் இரு பக்கமும் கொடி, மரங்களில் மஞ்சள் நாடா, முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழு. இதைக் குறை சொல்வதற்கில்லை. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களில் பலருக்கு இந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அந்த வடு இன்னும் ஆறாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஊர்வலம் முடிந்து ஊரார் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கு அணையாமல் எரிகிறது. உள்ளே ஒரு மனைவியோ தாயோ, இவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடலாமா, கூடாதா என்று தவித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தவிப்பை உலகுக்கு முதலில் அழுத்தமாகக் காட்டியவர்களில் ஒருவர் ஹரால்ட் ரஸ்ஸல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உணவுப்பொருள் கடையில் வேலை பார்த்தவர், இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தார். 1944 ஜூன் 6-ஆம் தேதி, நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாளில், அவர் உள்நாட்டில் ஒரு பயிற்சி முகாமில் இருந்தார். கையிலிருந்த வெடிமருந்து வெடித்தது. இரு கைகளும் போயின. எதிரியைக் கண்ணால் கூடக் காணாமல் காயம்பட்டவர் அவர். கைகளுக்குப் பதிலாக இரும்புக் கொக்கிகளைப் பொருத்திக்கொண்டு பழகினார். அதைக் காட்டும் ராணுவக் குறும்படம் ஒன்றில் அவரைப் பார்த்த இயக்குநர் வில்லியம் வைலர், தம் 1946-ஆம் ஆண்டுத் திரைப்படமான 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில் ஹோமர் என்ற கடற்படை வீரனாக நடிக்க வைத்தார். ரஸ்ஸல் அதற்கு முன் நடிகராக இருந்தவரல்லர்.

அந்தப் படத்தில் ஹோமர் வாடகை வண்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான். இறங்க மனமில்லை. முதலில் மாமாவின் மதுக்கடைக்குப் போய்வரலாமே என்று உடன் வந்த நண்பர்களைக் கேட்கிறான். அதற்குள் தங்கை பார்த்துவிட்டு ஓடி வருகிறாள். பெற்றோர் வருகிறார்கள், அடுத்த வீட்டுப் பெண் வில்மா வந்து கட்டி அணைக்கிறாள். அவன் கைகள் பக்கவாட்டில் அப்படியே தொங்குகின்றன. நண்பர்களுக்கு விடை கொடுக்க ஒரு கொக்கியை உயர்த்தி ஆட்டுகிறான். அதைக் கண்டதும் தாய்க்கு அழுகை பீறிடுகிறது. அவள் அதை உடனே மறைக்கப் பார்க்கிறாள். மறைப்பதையும் அவன் பார்க்கிறான்.

இந்த மறைப்புத்தான் பிறகு அந்த வீட்டின் நோயாகிறது. யாரும் அவனைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் அன்பாகவே இருக்கிறார்கள். கொக்கியைப் பார்க்காதது போலப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தங்கையும் அவள் தோழிகளும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, பார்க்க வேண்டுமானால் நன்றாகப் பாருங்கள் என்பது போல அவன் இரு கொக்கிகளையும் கண்ணாடியில் குத்தி உடைக்கிறான். படத்தில் அவன் கட்டுப்பாடு இழப்பது இங்கேதான்.

கடைசியில் வழி திறப்பது ஓர் இரவு. கொக்கிகளைக் கழற்றிய பிறகு தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை வில்மாவே பார்க்கட்டும் என்று அவளைத் தன் அறைக்கு அழைக்கிறான். பட்டைகளை அவனே கழற்றுகிறான், இரவுச் சட்டையையும் அவனே மாட்டிக்கொள்கிறான். பொத்தான் மட்டும் போட முடியவில்லை. அவள் அழவில்லை, புகழவுமில்லை. பொத்தானைப் போட்டுவிடுகிறாள். எது அவனால் முடியுமோ அதைத் தொடவில்லை. எது முடியாதோ அதைத் தயங்காமல் செய்தாள். காயம்பட்டவரை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதிக் கற்றுக்கொள்வது இதைத்தான்.

அதே மாசசூசெட்ஸில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொருவர். பீட்டர் டாமன் என்ற தேசியக் காவற்படை சார்ஜெண்ட், எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். 2003 அக்டோபரில் ஈராக்கில் ஹெலிகாப்டர் சக்கரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது டயர் வெடித்தது. உடன் இருந்த வீரர் இறந்தார். டாமன் இரு கைகளையும் இழந்தார். இவருக்கும் துப்பாக்கிச் சூட்டில் வந்த காயமில்லை. மனைவி, பிள்ளைகள் உள்ளவர். கையே மூலதனமாக இருந்த ஒருவருக்குக் கைகள் போனால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அச்சமயம் அம்மாநிலத்தில் கட்டுமானத் தொழிலில் இருந்த ஜான் கொன்சால்வஸ், கால்களை இழந்த ஒரு வீரரைப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தார். இந்தப் பையன் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவான் என்ற கேள்வி அவரை விடவில்லை. உதவ ஓர் அமைப்பைத் தேடினார். அகப்படாததால் 2004-இல் 'ஹோம்ஸ் ஃபார் அவர் ட்ரூப்ஸ்' என்ற அமைப்பைத் தாமே தொடங்கினார். தொடக்கத்திலேயே அதனிடம் வீடு பெற்றவர்களுள் டாமன் ஒருவர்.

இத்தகைய வீடுகளில் ஆடம்பரம் ஏதுமில்லை. வாசலில் படி இருக்காது. கதவுகளும் நடைவழியும் சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் அகலம். சமையல் மேடைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டிருப்பார்கள். உயரத்திலுள்ள அலமாரித் தட்டு இழுத்தால் கீழே வரும். குளியலறையில் தடுக்கும் விளிம்பு இல்லை. இப்படி வீட்டை மாற்றிக்கொள்ள அமெரிக்க அரசு 1948 முதலே மானியம் தருகிறது. ஆனாலும் பக்கத்துத் தெருக்காரர்கள் சுத்தியலோடு வந்து பலகை அடிப்பதற்கும், தோட்டத்தில் செடி நடுவதற்கும், சோறு சமைத்துக் கொண்டுவருவதற்கும் உள்ள பலன் வேறு. அந்த வீட்டுச் சுவரை எழுப்பியவர்கள் பிறகு அந்த வாசலைக் கடக்கும்போது பார்வையைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்கு வருவதற்கு முந்திய மாதங்களையும் மறக்கக்கூடாது. வேலையை விட்டு, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு, தொலைதூர ராணுவ மருத்துவமனை வாசலில் கிடக்கும் குடும்பங்களுக்காக நியூயார்க் கட்டட அதிபர் ஸக்கரி ஃபிஷரும் அவர் மனைவி எலிசபெத்தும் இலவசத் தங்கும் விடுதிகளைக் கட்டத் தொடங்கினார்கள். முதல் விடுதி 1990-இல் எழுந்தது. தனி மனிதருக்குத் தோன்றியது அரசுக்குத் தோன்ற இன்னும் நாளாயிற்று. 2001-க்குப் பிந்திய போர்களில் படுகாயமடைந்தவர்களை வீட்டில் பராமரிக்கும் உறவினருக்கு மாத உதவித்தொகை தரும் சட்டம் 2010-இல்தான் வந்தது. மனைவி செய்வதுதானே, தாய் செய்வதுதானே என்று இருந்துவிட்டார்கள். இது அமெரிக்கர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமா என்பதை நேயர்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத காயமும் உண்டு. குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் மூளையில் ஏற்படும் பாதிப்பு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அடையாளக் காயம் என்றே பேசப்பட்டது. ஆள் முழுதாக இருப்பார். பேரங்காடிக் கூட்டத்தில் நிற்க முடியாது. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாளில் ஊரே வாணவேடிக்கை விடும். அன்று சில வீரர்களின் வீட்டு முற்றத்தில், இங்கே போர்முனை கண்டவர் வசிக்கிறார், வெடி விடும்போது கொஞ்சம் கவனியுங்கள் என்ற சிறு பலகை நிற்கும். எங்கள் பிள்ளைகள் எட்டு மணிக்கு வெடி விடப் போகிறார்கள் என்று முன்னதாக வந்து சொல்லிவிட்டுப் போகும் அண்டை வீட்டார், தீயணைப்பு வண்டி ஊர்வலத்தைவிடப் பெரிய உபகாரம் செய்கிறார்கள்.

டாமன் பிறகு ஓவியரானார். செயற்கைக் கையில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டார். ரஸ்ஸல் அந்த ஒரே வேடத்துக்காக இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றார். பின்னர் பட்டப்படிப்பு முடித்து, முன்னாள் வீரர் சங்கத் தலைவராகி, உடற்குறையுற்றோர் வேலைவாய்ப்புக்கான அதிபர் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1992-இல், முதிய வயதில், அந்த விருதுகளில் ஒன்றை ஏலத்தில் விற்றார். 60,500 டாலர் கிடைத்தது. விருதை விற்பதா என்று ஹாலிவுட்டில் முணுமுணுத்தார்கள். மனைவியின் மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்படுகிறது என்று ரஸ்ஸல் பதில் சொன்னார்.