யிஃப்ட்

நான் மொழியியல் படித்தவள் அல்ல. தாதியர் டிப்ளோமாதான் என் படிப்பு. அதனால் ஒரு சொல்லைப் பற்றி, அது என்னிடம் வந்து சேர்ந்த வழியிலேயே சொல்கிறேன்.

நோர்வேயில் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. படிவங்களில் ஒரு சொல் அடிக்கடி வரும். ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் ‘கிஃப்ட்’டின் அதே நான்கு எழுத்துகள். இங்கே ‘யிஃப்ட்’ என்பார்கள். திருமணமானவர் என்று பொருள். நான் சிரமமில்லாமல் மனப்பாடம் செய்த சொற்களில் ஒன்று.

ஒரு மாலை, மறதிநோய் உள்ள மூதாட்டி ஒருவருக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். என் கையைத் தள்ளிவிட்டு "யிஃப்ட்! யிஃப்ட்!" என்றார். பாவம், கணவரைத் தேடுகிறார் என்று நினைத்தேன். "தெரியும் அம்மா, நீங்கள் கலியாணமானவர்" என்று அரைகுறை நோர்வேஜிய மொழியில் அன்பாகச் சொல்லி, ஒரு கரண்டி தயிரோடு மாத்திரையை ஊட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தேநீர் வேளையில் இதைச் சொன்னபோது கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்றும் பொருளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஞ்சு, நஞ்சு என்று கத்திய மனுஷிக்குச் சிரித்த முகத்தோடு அதை ஊட்டியிருக்கிறேன். பிறகு அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘யிஃப்ட்’ என்றே இல்லை. விதவை என்றிருந்தது.

அதன் பிறகுதான் அந்தச் சொல்லைத் தேடத் தொடங்கினேன். சுவீடனிலும் டென்மார்க்கிலும் அதற்கு இதே இரண்டு பொருள்கள். ஜேர்மன் மொழியில் இன்று நஞ்சு மட்டுமே. ஆனால் அங்கே சீதனத்துக்கு ‘மிட்கிஃப்ட்’ என்று பெயர். பழைய பொருள் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. டச்சுக்காரர்கள் ஓர் எழுத்தைக் கழற்றி, ‘கிஃப்’பை நஞ்சுக்கும் ‘கிஃப்ட்’டை நன்கொடைக்கும் வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள். பழைய ஆங்கிலத்திலேயே இது மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருளைக் குறித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடு’ என்பதுதான். பெண்ணைக் கொடுத்தார்கள், அது திருமணம். மருந்து கொடுத்தார்கள், அது எப்படி நஞ்சானது? நாம் தினமும் சொல்லும் ‘டோஸ்’ கிரேக்க மொழியின் ‘டோசிஸ்’. அதற்கும் கொடுத்தல் என்றே பொருள். அதைப் பார்த்துத்தான் ஜேர்மன்காரர்கள் தங்கள் ‘கொடுத்தலை’ மருந்தளவுக்கும், வெளிப்படையாகச் சொல்லக் கூசிய நஞ்சுக்கும் வைத்தார்கள். அங்கிருந்து அது வடக்கே ஏறியது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1924 இல் இந்தச் சொல்லை இரண்டு முறை எழுதி, அதையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். பெற்ற பொருள் பெற்றவரைக் கட்டிப்போடும் என்பது அவர் பார்வை.

நமக்கு இது புதிதா? மருந்து கொடுத்தான், நஞ்சு கொடுத்தான், பெண் கொடுத்தான் என்று ஒரே வினையைத்தானே நாமும் வைத்திருக்கிறோம். எங்கள் கோயிலில் தகப்பன் மகளைக் கைபிடித்து நடத்திக்கொண்டுபோய்க் கொடுப்பார். அக்காவோடு வீடும் காணியும் சீதனமாகப் போயின. அம்மா கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தா, விருந்தாளி மாதிரி. கொடுத்தது யார், பெற்றது யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அந்த மூதாட்டி ஒரு கிழமை என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அதன் பிறகு நான் மாத்திரையை அவருடைய உள்ளங்கையில் வைத்து, அதன் பெயரையும் எதற்கென்பதையும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் போட்டுக்கொள்வார். சில நாள் மேசையில் வைத்துவிடுவார். அன்றைக்கு, கொடுக்கவில்லை என்று எழுதிக் கையொப்பம் வைப்பேன்.