நோட்டீஸில் யார் பெயர்?

(உடன்குடியில் நடந்த தலித் பெண்கள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருந்தாங்க. இன்னிக்கு வாசிக்கப் போறதில்லை. ரெண்டு நாளைக்கு முன்னால தோழர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டீஸைக் கையில குடுத்தார். "அச்சுக்குப் போகுது, தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கக்கா"ன்னார். தமிழ் சரியாத்தான் இருந்தது. பக்கத்து ஊர்ல நம்ம பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கண்டிச்சு ஆர்ப்பாட்டம். மேலே கொட்டை எழுத்தில் அந்தப் பிள்ளையின் பெயர். அதுக்குக் கீழே வயசு, அப்பா பெயர், தெருவின் பெயர், எந்தக் கடையில் வேலை பார்த்தாள் என்பது. செஞ்சவன்களைப் பற்றி மூணு வரி. "சாதி வெறியர்கள்", "காமக் கொடூரர்கள்", "மனித மிருகங்கள்". மூணு வரியில் ஒருத்தன் பெயர்கூட இல்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கேன். நம்மாட்களைக் குத்தம் சொல்லுதாளேன்னு வருத்தப்படாதீங்க. முதல்ல என் குத்தத்தைச் சொல்லிக்கிடுதேன்.

நான் வங்கியில கிளார்க். பெயரைச் சத்தமாக் கூப்பிடுறதுதான் என் பிழைப்பு. டோக்கன் நம்பர் எரியிற பலகை வந்த பிறகும் எங்க பக்கத்துல பெயரைச் சொன்னாத்தான் ஆள் எந்திரிச்சு வரும். நாலு வருசத்துக்கு முன்னால, அப்போ வேற ஒரு கிளையில இருந்தேன், ஒரு அம்மாவும் மகளும் பாஸ்புக்கை நீட்டினாங்க. கணக்கில் ஆயிரத்துக்கும் கீழே கிடந்த இருப்பு திடீரென்று இரண்டரை லட்சமாக ஏறியிருந்தது. அரசாங்கப் பணம். நான் கேட்டேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேக்குற மாதிரி: "ஆதிதிராவிடர் நலத்துறையிலேருந்து வந்திருக்கே, என்ன கேஸும்மா?"

அந்த அம்மா பதில் சொல்லலை. மக தலையைக் குனிஞ்சா. எனக்கு அப்பத்தான் உறைச்சது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016இல் கொண்டுவந்த திருத்தப்படி, வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணுக்கு நிவாரணம் 5 லட்சம். மருத்துவப் பரிசோதனை உறுதிப்படுத்தியதும் பாதி, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் கால் பங்கு, விசாரணை முடிந்ததும் மீதிக் கால் பங்கு. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடமாத் தெரியும். தெரிஞ்சும் கேட்டேன். நானும் ஒரு பொம்பளை, நானும் சேரியில் பிறந்தவள். வரிசையில் நின்ற இருபது பேரில் நாலு பேருக்காவது அவள் யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். தெரியப்படுத்தியவள் நான். அதைப் பற்றி இதுவரைக்கும் கவிதை எழுதலை. எழுதவும் கூடாதுன்னு நினைக்கேன்.

இனிமே கொஞ்சம் தூரமாப் போவோம்.

1972 மார்ச் மாதம், மகாராஷ்டிராவில் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். ஓர் ஆதிவாசிச் சிறுமி, உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு பேரையும் விடுதலை செய்தது. அவள் உடம்பில் காயம் இல்லையாம், எதிர்த்ததற்கு அடையாளம் இல்லையாம். சட்டப் பேராசிரியர்கள் நாலு பேர் அதைக் கண்டித்து 1979இல் திறந்த கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது வேறொரு சின்ன விஷயம். அந்த வழக்கின் அதிகாரபூர்வமான தலைப்பு "துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு". துக்காராம் தலைமைக் காவலர், இன்னொருத்தன் பெயர் கண்பத். சட்டப் புத்தகத்தில் இவன்கள் பெயர் இருக்கிறது. ஆனால் வாயால் யாரும் அதைத் துக்காராம் வழக்கு என்று சொல்வதில்லை. வக்கீல், பேராசிரியர், பெண்ணியவாதி, நம்ம மேடைப் பேச்சாளர் எல்லாருமே அந்தச் சிறுமியின் பெயரால்தான் அதைச் சொல்கிறோம். அந்தப் பெயரை இங்கே நான் சொல்லப் போறதில்லை. உங்க மனசில் அது தானாகவே வந்திருக்கும். போலீஸ்காரன் பெயர் வந்திருக்காது. நான் சொல்ல வாறது அதுதான்.

இதிலே இன்னொரு வேடிக்கை. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற 228-ஏ பிரிவு, அவளை முன்னிட்டு வந்த அதே 1983 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது.

கவிஞர்களும் இருக்காங்க, அதனால் ஒரு கவிஞரைப் பற்றியும் சொல்லணும். பாப்லோ நெரூதா. நாமெல்லாம் மொழிபெயர்ப்பில் படித்து நெஞ்சில் வைத்திருக்கிற ஆள், நானும்தான். 1929இல் அவர் சிலி நாட்டுக் கான்சலாகக் கொழும்பில் இருந்தார், வெள்ளவத்தையில் கடலோரம் வீடு. இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிய காலம், நம்ம ஜனங்கள் பிழைப்புக்கு அக்கரை போன காலம். அவர் வீட்டுக் கக்கூஸ் வாளியை எடுக்க விடியற்காலையில் ஒரு பெண் வருவாள். தமிழச்சி என்றும் தீண்டப்படாத சாதி என்றும் அவரே எழுதுகிறார். அவள் வழியில் பட்டுத் துணி, பழம் என்று வைத்துப் பார்க்கிறார். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகிறார். நடந்ததையும் எழுதுகிறார், அவள் தன்னை வெறுத்தது நியாயம் என்றும் எழுதுகிறார். 1971இல் நோபல் பரிசு, 1973இல் சாவு, 1974இல் இந்தத் தன்வரலாறு வெளியாகிறது. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க முயன்றபோதுதான் சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தை எடுத்து நீட்டிக் குறுக்கே நின்றார்கள்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை படிச்சுட்டேன். குற்றவாளியே எழுதிய வாக்குமூலம், இடம் இருக்கு. அவள் பெயர் மட்டும் இல்லை. அவளுடைய கால் தண்டை ஞாபகம் இருந்தது, பெயர் தெரியாது. கேட்டிருக்கவே மாட்டார். வாளி எடுக்கிறவளுக்குப் பெயர் எதுக்கு? சேரிப் பெண்ணின் பெயர் ரெண்டு விதமாக் காணாமப் போவுது. நெரூதா வீட்டில் அது இல்லவே இல்லாமப் போச்சு. நம்ம நோட்டீஸில் அது தெரு முழுக்கப் பறக்குது. ரெண்டிலேயும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து. பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ அச்சிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்துவிட்டு ஊர், தெரு, அப்பன் பெயர் என்று போட்டாலும் அதே குற்றம்தான். ஆனால் அவளே எழுத்து மூலமாகச் சம்மதித்தால் போடலாம். இந்தக் கடைசி வரியை எல்லாரும் மறந்துடுதாங்க. பெயரைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டமே சாவியை அவள் கையில்தான் கொடுத்திருக்கு.

அரசாங்கமே இதை எப்படி மதிச்சிருக்கு? 2019 மார்ச்சில், பொள்ளாச்சி வழக்கில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர் கூட்டத்தில் பெண்ணின் பெயரைச் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வீடியோவில் மாட்டியிருந்த மத்தப் பிள்ளைகள் அன்றைக்கு என்ன நினைச்சிருப்பாங்க? நம்மளும் போய்ச் சொன்னா நம்ம பெயரும் டிவியில வரும்னுதானே? அப்படியும் சிலர் துணிந்து வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ஆம் தேதி ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது அவர்களால்தான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரிலும் இதே கதை. முதல் தகவல் அறிக்கையே ஊரெல்லாம் சுற்றியது, மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம்.

இனி அவன்கள் பெயருக்கு வாரேன். குற்றம் சாட்டப்பட்டவனின் பெயரை, வயது வந்தவனாக இருந்தால், மறைக்கச் சொல்லி நம்ம நாட்டில் சட்டம் இல்லை. இங்கிலாந்தில் 1976இல் அப்படி ஒரு பாதுகாப்புக் கொடுத்துப் பார்த்து, 1988இல் எடுத்துவிட்டார்கள். இங்கே சட்டம் மறைக்காததை ஊர் மறைக்குது. ஸ்டேஷனில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று எழுதுவான். எங்க அடையாளம் தெரியலை? அவள் பேர் சொல்லி, தகப்பன் பேர் சொல்லி, பைக் நம்பரும் சொல்லியிருப்பாள். பேப்பரில் "தலித் பெண் பலாத்காரம், வாலிபர்கள் கைது" என்று வரும். அவளுக்குச் சாதி உண்டு, வாலிபனுக்குச் சாதி கிடையாது. இது வெறும் கௌரவப் பிரச்சினைன்னு நினைச்சுராதீங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிக்கணும்னா அவள் பட்டியல் சாதி என்பதும் அவன் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்பதும், ரெண்டுமே கோர்ட்டில் நிரூபணம் ஆகணும். அவன் சாதி காகிதத்தில் ஏறலைன்னா அந்தப் பிரிவே உதிர்ந்துரும். "சாதி வெறியர்கள்"னு நோட்டீஸில் போட்டா நம்ம கோபம் ஆறும், கோர்ட்டில் ஒரு கால் புள்ளிக்கும் ஆகாது.

அப்போ தெரிஞ்ச பெயரையெல்லாம் எழுதி, போட்டோவும் போட்டு ஒட்டிருவோமான்னு தம்பிகள் கேக்குறது தெரியுது. அங்கதான் எனக்குப் பயம். 2016இல் நுங்கம்பாக்கம் கொலை வழக்கு. அது பாலியல் வழக்கு இல்லை, ஆனாலும் சொல்லுதேன். மீனாட்சிபுரத்து ராம்குமார், நம்ம பையன். விசாரணை தொடங்குறதுக்கு முன்னாலேயே அவன் பெயரும் முகமும் கழுத்தில் கட்டோடு எல்லா வீட்டு டிவியிலும் தீர்ப்பாயிருச்சு. செப்டம்பர் 18ஆம் தேதி புழல் சிறையில் செத்துப் போனான். கரன்ட் கம்பியைக் கடிச்சான்னாங்க, பெத்தவங்க இன்னிக்கு வரைக்கும் நம்பலை. 2019 டிசம்பரில் ஐதராபாத்தில் நாலு பேரை என்கவுன்டரில் சுட்டார்கள், போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள். அது போலி மோதல் என்றும், செத்தவர்களில் மூணு பேர் பதினெட்டு வயசு ஆகாதவர்கள் என்றும் சிர்புர்கர் ஆணையம் சொன்னதாக 2022இல் வெளிவந்தது. சாதி மறுத்து ஓடிப்போன நம்ம பையன்கள் மேல பொண்ணு வீட்டுக்காரங்க போடுற கடத்தல் கேஸும் போக்சோ கேஸும் நமக்குப் புதுசா? கூட்டம் கூவுற பெயர்ப் பட்டியலில் கடைசியில் யார் பெயர் ஏறும்னு நமக்குத் தெரியும்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 2017 அக்டோபரில் ராயா சர்க்கார் என்ற தலித் சட்ட மாணவி, பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். புகார் சொன்ன பெண்களின் பெயர் அதில் கிடையாது. மூத்த பெண்ணியவாதிகள் பட்டியலைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், முறைப்படி புகார் கொடுக்கச் சொன்னார்கள். முறை என்பது அவர்களுக்குத் திறக்கிற மாதிரி நமக்குத் திறந்ததில்லை என்பதும் உண்மை. எனக்கு இதில் இன்னும் முடிவு வரலை. பட்டியல் போட்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டியல் போட வேண்டிய நிலையில் வைத்தவர்கள்மேல் இருக்கு.

தைரியம் தர்றது வாச்சாத்தி. 1992 ஜூன் 20. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து சூறையாடிய மலைக் கிராமம். பதினெட்டுப் பெண்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் பெயரோடு, பதவியோடு. 2011 தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப் போனார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தப் பெண்களில் பலர் முகத்தை மூடாமல் கேமரா முன்னால் வந்து பேசினார்கள். அவங்களே எடுத்த முடிவு அது. 2012 டெல்லிப் பெண்ணின் தாயும் 2015இல் மேடையேறி மகள் பெயரைத் தானே சொன்னார். பெற்றவள் சொன்னாள், அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்கலை.

நோட்டீஸுக்கு வாரேன். நேத்து சாயங்காலம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளிடம் நோட்டீஸைக் காட்டலை, வாயால் சொன்னேன். "எம்பேரா? எதுக்குக்கா? அவனுவ பேரு ஸ்டேஷன்ல எழுதியாச்சா?" அவ்வளவுதான் கேட்டாள். எழுதியாச்சு. முதல் தகவல் அறிக்கை நகல் என் பையில் இருக்கு, புகார்தாரருக்கு இலவசமாத் தரணும்னு சொல்லிக் கேட்டு வாங்கினது. நாலு பேர். ஒருத்தனுக்கு வயசு பதினேழுன்னு சொல்லுதாங்க, அது உறுதியாகிற வரைக்கும் அவன் பெயரைப் போடக் கூடாது. மத்த மூணு பேரையும் அறிக்கையில் உள்ளபடி, குற்ற எண்ணோடு, "குற்றம் சாட்டப்பட்டவர்கள்" என்ற வார்த்தையோடு போடலாம். அவள் பெயர், தெரு, கடை, அப்பா பெயர் அத்தனையும் எடுத்துரணும். எந்த ஊர் என்பதையும் எடுக்கணும், சின்ன ஊர், ஒரு தெருதான். எடுத்துட்டா எதுக்கு ஆர்ப்பாட்டம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்னு அண்ணாச்சி கேக்குறாவ. மூணு பெயரும் குற்ற எண்ணும் இருந்தாத் தெரியும் அண்ணாச்சி. அப்படியே "கற்பழிப்பு"ங்கிற வார்த்தையையும் அடிச்சிருங்க, முப்பது வருசமா எழுதிக் கை வலிக்குது.

அச்சகத்துக்கு நாளைக் காலையில பத்து மணிக்குத்தான் போகணும்னு தோழர் சொல்லியிருக்கார். பிரதி இந்தா இருக்கு, சிவப்புப் பேனாவும் கொண்டாந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் எழுதினவங்க இப்படி வந்து உக்காருங்க.