இடித்த விடுதியில் ஒரு கார்ப் பந்தயம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் காலத்தில் விடுதியில் இருந்தவர்களுக்கு 'ரீ-வோல்ட்' ஞாபகம் இருக்கும். 1999-இல் அக்ளைம் நிறுவனம் வெளியிட்ட பொம்மைக் கார்ப் பந்தயம். ரிமோட் கார்கள் தெருவிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் மியூசியத்திலும் ஓடும். முன்னால் போகிறவன் மேல் தண்ணீர் பலூன் அடிக்கலாம். பின்னால் வருகிறவனுக்கு எண்ணெய் ஊற்றி வைக்கலாம். எங்கள் செட்டில் பல பேருடைய அரியருக்கு அதுதான் காரணம். பெயர் சொல்ல மாட்டேன். 2004-இல் அந்த நிறுவனம் திவாலாகி மூடப்பட்டது. ரசிகர்கள் விடவில்லை. புதிய கணினிகளிலும் ஓடும்படி அதை 'ஆர்.வி.ஜி.எல்.' என்று திருத்தி எழுதினார்கள். புதுப் புதுத் தடங்கள் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள்.

நம் பழைய விடுதியை 2012-இல் இடித்தார்கள் அல்லவா? அதை 2019-இல் நான் ஒரு தடமாகச் செய்தேன்.

சுவர், தூண், மாடிப்படி எல்லாம் பிளெண்டர் மென்பொருளில் எழுப்பிவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் கட்டடம் ஒரு கோப்பு. வண்டி முட்டுகிற கட்டடம் வேறு கோப்பு. இரண்டாவதில் மெஸ் வாசலில் ஒரு துண்டு விட்டுப்போனதால், வண்டி தரைக்குள் புகுந்து பாதாளத்துக்குப் போய்விட்டது! பிறகு, கணினி ஓட்டும் வண்டிகளுக்கு வழி சொல்லித் தர வேண்டும். ஆட்டத்தில் பெயர் கேட்கும் இடத்தில் 'மேக் இட் குட்' என்று சேர்த்து அடித்தால், திருத்தும் வசதி திறக்கும். அதில் தடம் நெடுகப் புள்ளிகள் நட வேண்டும். சுற்றை எண்ணுவதற்குப் பெட்டி பெட்டியாகப் பகுதி பிரிக்க வேண்டும். வரிசையாகக் கடக்காவிட்டால் சுற்று கணக்கில் வராது. நாம் தூக்கத்தில்கூடத் தாண்டிய குளியலறைப் படி, பொம்மைக் காருக்கு மதில் சுவர். பலகை சாய்த்து வைத்தும் வண்டிகள் அங்கேயே மோதி நின்றன. அந்த ஒரு படிக்கு மூன்று வாரம் போயிற்று.

எல்லாம் முடிந்தும் அது ஏதோ ஒரு கட்டடமாகத்தான் இருந்தது. நம் விடுதியாக இல்லை. என் அறைத் தோழனுக்கு ஃபோன் செய்தேன். 2005-இல் இரவல் கேமராவில் அவன் எடுத்த படங்கள் இருந்தன. பாதிச் சுவர் வரை பச்சை ஆயில் பெயிண்ட், தொட்டி ஓரத்துப் பாசி, "சப்பாத்தி ஒருவருக்கு மூன்று மட்டும்" என்ற பலகை. எதற்கு என்றுகூடக் கேட்காமல் மொத்தத்தையும் அனுப்பினான். அவற்றை வெட்டிச் சுவர்களில் ஒட்டியதும், எனக்கு மெஸ் வாசனையே வந்தது.

ஒரு ஞாயிறு இரவு வெளியிட்டேன். கூடவே ஒரு குறிப்புக் கோப்பு வைப்பது வழக்கம். யார் யார் உதவினார்கள் என்று அதில் எழுத வேண்டும். மென்பொருள் செய்தவர்களை எழுதினேன். ஓட்டிப் பார்த்தவர்களை எழுதினேன். காபி போட்டுக் கொடுத்த என் மனைவியையும் எழுதினேன். அவன் பெயரை எழுதவில்லை. வேண்டுமென்று இல்லை, மறந்தேபோனேன்.

மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. "டேய், சப்பாத்தி போர்டு எழுத்துகூடத் தெரியுதுடா. ரொம்ப நல்லா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் குறிப்புல எல்லாரும் இருக்காங்கபோல" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

அன்று இரவே அவன் பெயரை முதல் வரியில் போட்டு இரண்டாம் பதிப்பு வெளியிட்டேன். ஆனால் முதல் பதிப்பை இறக்கி வைத்தவர்களிடம் அது அப்படியேதான் இருக்கும். முகம் தெரியாத ஒருவர் பல மாதம் கழித்து, "சுவர்ப் படங்கள் பிரமாதம், நீங்கள் எடுத்தவையா?" என்று எழுதிக் கேட்டார். அவர் கையில் இருந்தது பழைய பதிப்பு.

அவனிடம் இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இப்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறானே, அவன்தான். மன்னிச்சுக்கோடா.

மதியம் மூன்று மணிக்குக் கணினிக் கூடத்தில் தடத்தைப் போட்டு வைத்திருப்பேன். பந்தயம் தொடங்குவது எங்கள் அறை வாசலில். மெஸ் பக்கம் கொஞ்சம் இடது ஓரமாக ஓட்டுங்கள். அந்த ஓட்டை இன்னும் முழுசாக அடைபடவில்லை.