பத்து நிமிடம் பின்தங்கிய கடிகாரம்

(தசலட்சண விழாவின் நிறைவில், ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும் நாளன்று ஆற்றிய உரை)



'உத்தமப் பொறை தொடங்கிப் பத்து அறங்களையும் அறிஞர்கள் விளக்கிவிட்டார்கள். நிறைவாக நீங்கள் எளிமையாக ஏதேனும் பேசுங்கள்' என்று அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். அரியவற்றையெல்லாம் பிறருக்கு வழங்கியபின் எஞ்சியது எனக்கு என்பதே இதன் பொருள். முப்பத்து நான்கு ஆண்டுகள் கடைசிப் பாடவேளையிலேயே தமிழ் கற்பித்தவனுக்கு இது பழகிய இடந்தான்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் நகைப்பு. அதிலும் நம்மைக் கண்டு நாமே நகுதல்.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. அவர் நினைப்பது சரியே. நம் ஆகமங்கள் நான்கு கஷாயங்களைச் சொல்லி, அவற்றுக்குத் துணைநிற்கும் நோகஷாயங்கள் ஒன்பது என்கின்றன. அவ்வொன்பதில் முதலில் நிற்பது ஹாஸ்யம், அதாவது சிரிப்பு. தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், வாய்மை நோன்பைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் ஒன்றாகச் சினம், பேராசை, அச்சம் இவற்றோடு சிரிப்பையும் விடச் சொல்கிறார் உமாசுவாமி. வேடிக்கைக்காக மனிதன் எவ்வளவு எளிதாகப் பொய் சொல்வான் என்பதை அறிந்தவர் அவர். ஆதலால் நகைப்பைப் புகழ்ந்து பேசச் சமண மேடையில் இடமில்லை என்று நீங்கள் கூறினால், நான் மறுக்கமாட்டேன்.

ஆயினும் நான் தமிழ் படித்தவன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர் அதனை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தானும் நகுவது மற்றொன்று. எம்.ஏ. வகுப்பில் இவ்வுரையைப் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். இரண்டாவது வகையின் பொருள் விளங்க எனக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அது விளங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பணியின் தொடக்கக் காலத்தில் சில ஆண்டுகள் நான் காயல்பட்டினத்தில் ஆசிரியனாக இருந்தேன். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, முந்நூறு மைலுக்கு அப்பால். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வியந்து எழுதிய காயல் துறைமுகத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ஊர். முருகனுக்கு அருணகிரியார் பாடிய சந்தத்தில் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் பிறந்த மண். பெண்டிர் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே முடுக்குகள் அமைந்த தெருக்கள். அங்கே ஒரு தெருவில் எனக்கு வாடகைக்கு அறை கிடைத்தது. என்னைத் தவிர அத்தெருவில் அனைவரும் முஸ்லிம்கள்.

சங்கப் பாடல்களில் வரும் கொற்கை முத்தைப் பற்றி அங்கே நான் பாடம் நடத்தியதையும் சொல்லவேண்டும். முத்தின் ஒளியை ஒரு மணிநேரம் வருணித்தேன். மாலையில் அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். இளமையில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பைப் பார்த்தவர் அவர்; 1961-இல் நடந்த கடைசிக் குளிப்பையும் பார்த்தவர். "வாத்தியாரே, பேரன் சொன்னான். உங்க புலவர்மார் நாத்தத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்றார். அள்ளிய சிப்பிகளைக் குவியலாகப் போட்டு, வெயிலில் நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்க்க, புழு நெளிய, பிறகு கழுவித்தான் முத்தெடுப்பார்களாம். காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளுமாம். ஆயிரம் சிப்பியில் எத்தனையில் முத்திருக்கும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். சிப்பி ஈரறிவுடைய உயிர் என்று நம் நூல்கள் எண்ணியிருப்பதை அவரிடம் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் மனைவியின் காதில் ஊசலாடும் முத்துத் தோடு நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

இனி என் கடிகாரத்துக்கு வருகிறேன்.

கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம் குலவொழுக்கம். மறைவுக்கு இரண்டு நாழிகைக்கு முன்னரே முடிப்பது உத்தமம் என்பர். நான் உத்தமன் அல்லன். இரண்டு நிமிடத்துக்கு முன் முடிப்பவன். ரமலான் மாதத்தில் இது வேடிக்கையான காட்சியாகும். தெரு முழுதும் பகலெல்லாம் பட்டினி கிடந்து, மாலைப் பாங்கொலி கேட்டதும் நோன்பு திறக்கும். நானோ அதே பாங்கொலிக்குள் உணவை முடித்தாக வேண்டும். "நீங்க கையைக் கழுவுற நேரத்துல நாங்க கையை நனைக்கிறோம்" என்பார் அப்பெரியவர்.

1991-ஆம் ஆண்டு, பங்குனி மாதம். பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நெருங்கியதால் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து நான் அறைக்குத் திரும்ப ஆறேகால் ஆகிவிடும். அதற்குமேல் உலை வைத்து உண்பது எப்படி? இச்சிக்கலுக்கு எம்.ஏ. பட்டம் பெற்ற நான் ஒரு தீர்வு கண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னுக்குத் திருப்பி வைத்தேன். இதற்குக் காரணமும் கற்பித்துக்கொண்டேன். மேற்கே அடர்ந்த பனைகள் இருப்பதால் கதிரவன் உரிய நேரத்துக்கு முன்பே மறைந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையான மறைவு இன்னும் நிகழவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்வது? அது அவர்கள் கணக்கு.

எதிர்வீட்டு அம்மையார் என்பால் இரக்கம் கொண்டு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். கறி இல்லாமல், வெங்காயம் இல்லாமல், பூண்டும் இல்லாமல் எனக்கென்று தனியே ஒரு சிறு பாத்திரத்தில் காய்ச்சியது. பூண்டில்லாத நோன்புக் கஞ்சியைக் குறித்துத் தெருவே எனக்காக வருந்தியது. அதை எடுத்துவருபவன் அவர் மகன். ஆறாம் வகுப்பில் என் மாணவன். ஒருநாள் அவன் வந்தபோது பாங்கொலி ஓய்ந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. நான் சோற்றில் கைவைத்திருந்தேன். பையன் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"சார், மஃரிப் ஆயிடுச்சே. நீங்க சாப்பிடுறீங்க?"

"உங்கள் வீட்டுக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது" என்றேன்.

"கடிகாரம் பாக்கல சார். சூரியனத்தான் பாத்தேன்."

அவன் குரலில் குறும்பில்லை. பதினொரு வயதுக் குழந்தை கண்டதைச் சொன்னது. மறுநாள் வகுப்பில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்லி அவனை எழுப்பினேன். ஓரெழுத்தை விட்டான். அந்த ஓரெழுத்துக்காக ஒரு பாடவேளை முழுதும் அவனை முற்றத்து வெயிலில் நிற்க வைத்தேன். அவன் நோன்பு பிடித்திருந்தான். அது எனக்குத் தெரியும்.

அவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் வந்தபோது பொன்னூர் மலைக்குச் சென்றேன். அங்கே எழுந்தருளியிருந்த ஒரு முனிவரை வணங்கி, 'சில நாள்கள் பொழுது மறைந்தபின் உண்டுவிட்டேன்' என்று கண்ணீர் மல்க முறையிட்டேன். அவர் ஒரு ஜபத்தைப் பிராயச்சித்தமாக அருளினார். "வேறு ஏதும் உண்டா?" என்று கேட்டார். "இல்லை, சுவாமி" என்றேன்.

பல ஆண்டுகளுக்குப்பின் சிவாரியரின் பகவதி ஆராதனையைப் படிக்கும்போது ஓரிடத்தில் திடுக்கிட்டேன். ஆசாரியரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதை ஆலோசனை என்கிறோம். அந்த ஒப்புக்கொள்ளுதலிலேயே பத்துக் குற்றங்கள் உண்டு என்று அந்நூல் வகுக்கிறது! ஆசாரியருக்குப் பணிவிடை செய்து மனத்தை இளக்கிய பிறகு சொல்லுதல். 'நான் மெலிந்தவன், பெரிய நோன்பு தாங்கமாட்டேன்' என்று முன்கூட்டியே இரக்கம் தேடுதல். பிறர் கண்ணிற்பட்ட குற்றத்தை மட்டும் சொல்லி, படாததை விழுங்கிவிடுதல். 'ஒருவன் இப்படிச் செய்தால் அவனுக்கு என்ன தண்டனை, சுவாமி?' என்று யாருக்கோ கேட்பதுபோல் கேட்டல். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓதும் ஆரவாரத்தில், காதில் விழாதபடி தன்னுடையதையும் முணுமுணுத்துவிடுதல். தன்னைப்போலவே அக்குற்றத்தைச் செய்தவனைத் தேடிப்பிடித்து அவனிடம் சொல்லுதல்; அவன் எப்படிக் கடிந்துகொள்வான்? இந்தப் பட்டியலைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தார். இரண்டாயிரம் ஆண்டு நெருங்கும் பழமையுடைய பிராகிருத நூல், நேற்று நம் தெருவில் நடந்ததைச் சொல்வதுபோல் இருக்கிறதே! மனிதனின் தந்திரங்களை இவ்வளவு பொறுமையாக எண்ணிவைத்த அந்த முனிவர், எண்ணும்போது ஒருமுறையேனும் புன்னகைத்திருக்கமாட்டாரா? இது என் துணிபு, ஆகமம் அல்ல.

அப்பட்டியலில் ஒன்று சூட்சுமம். சிறிய குற்றத்தைப் பெரிதாக முறையிட்டு, பெரியதை மறைப்பது. 'இவ்வளவு சிறியதையே சொல்பவன் பெரியதை மறைப்பானா' என்று கேட்பவர் நினைக்கவேண்டும் என்பதே அதன் சூழ்ச்சி. இதைப் படித்ததும் என் சிரிப்பு நின்றது. பத்து நிமிடச் சோற்றுக்குக் கண்ணீர் வடித்தவன், வெயிலில் நின்ற பையனைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கழுகுமலைக்குப் போனவர்கள் பாகுபலியின் புடைப்புச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். கொடி படர நிற்கும் அண்ணல். அருகே தங்கையர் இருவர். ஓராண்டு அசையாது நின்ற அப்பெருமானுக்கும், 'என்னால் பரதன் மனம் வருந்தியதே' என்ற ஒரு சிறு முள் உள்ளே கிடந்தது. அது நீங்கும்வரை கேவலஞானம் எய்தவில்லை என்கிறது ஆதிபுராணம். அப்படியிருக்க, நம் போன்றோர் நெஞ்சில் முள் இருப்பதில் வியப்பென்ன என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்வதும் ஒரு தந்திரமோ என்ற ஐயமும் உடனே எழுந்தது. பட்டியலில் பதினொன்றாவதாகச் சேர்க்கலாம்.

2018-இல் நான் ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவர் ஒருவர் இல்லத் திருமணத்துக்காகக் காயல்பட்டினம் சென்றேன். எதிர்வீட்டுப் பையனும் வந்திருந்தான். பையன் என்பது என் வாய்ப்பழக்கம். முப்பத்தெட்டு வயது, ஹாங்காங்கில் வணிகம், நரை தொடங்கிவிட்ட தாடி. மாலையில் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். திண்ணையில் அமர்ந்ததும், வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்களை ஒருவாறு கோத்து, அந்த வெயிலைச் சொன்னேன். நோன்பைச் சொன்னேன். ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். கைகூப்பினேன்.

அவன் பதறி என் கைகளைப் பற்றிக்கொண்டான். "சார், சத்தியமா எனக்கு அது ஞாபகமே இல்ல. நீங்க எங்களை எத்தனையோ தடவை நிக்க வச்சிருக்கீங்க" என்றான். இது எனக்கு ஆறுதலாக இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். சற்று நிறுத்தி, சிரிப்பை அடக்கமுடியாமல் தொடர்ந்தான்: "ஆனா உங்க கடிகாரம் பத்து நிமிஷம் மெதுவா ஓடுறது தெருவுக்கே தெரியும் சார். அன்னைக்கு நான் வந்து உம்மாகிட்ட சொன்னேன். மறுநாள்லேர்ந்து உம்மா, 'பாவம், பசியோட வர்றார்'னு உங்க கஞ்சியை மட்டும் சீக்கிரமே காய்ச்சி, பாங்குக்கு முன்னாடியே குடுத்து விட்டாங்க. நீங்க கவனிக்கலையா?"

நான் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு நோன்பு முடியும்வரை என் கஞ்சி நேரத்தோடு வந்தது உண்மை. கடிகாரத்தைத் திருப்பிவைத்த என் கூர்மதியால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். இருபத்தேழு ஆண்டுகள் அப்படியே நினைத்திருந்தேன்.

முதலில் அவன் சிரித்தான். பிறகு உள்ளேயிருந்து இளையோர் சிலர் சிரிப்பது கேட்டது. எனக்கு முகம் சுட்டது; ஆனால் சற்று நேரத்தில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் வரும்வரை. பேராசிரியர் பிரித்துக் காட்டிய இரண்டாவது எள்ளல் அந்தத் திண்ணையில்தான் எனக்குப் பாடமாயிற்று.

அதற்குள் பொழுது சாய்ந்து, தட்டில் பலகாரம் வந்தது. நான் தயங்கி மேற்கே பார்த்தேன். பனைகளுக்குப் பின்னால் செம்மை மட்டுமே எஞ்சியிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து, தளர்ந்துபோன, ஆனால் எனக்கு நன்கு நினைவிருந்த அந்த அம்மையாரின் குரல் கேட்டது.

"வாத்தியார் கடிகாரத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்குமே, வாப்பா. சாப்பிடச் சொல்லு."